இரண்டாவது எள்ளுப் பொட்டலம்

என் மகளுக்கு,

நானும் அப்பாவும் சுகம். இம்முறை வாவியில் நல்ல இறால்.

நீ சொன்னபடியே ஆடி அமாவாசைக்கு அப்பாவை மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு அனுப்பினேன். கடல் கொண்டுபோன உன் அப்பப்பாவுக்கு ஒன்று, சண்டை முடிந்தும் வீடு வராத உன் தம்பிக்கு ஒன்று என்று எள்ளை இரண்டு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தேன்.

தீர்த்தமாடி வந்தவர் ஒன்றைப் பிரிக்காமலே என் கையில் தந்தார். "ஐயர் பேர் கேட்டார். அப்பாட பேரைத்தான் சொன்னன். மற்றப் பேர் வாயில வரல்ல" என்றார்.

எள்ளை வீணாக்க மனமில்லை. வறுத்து, சர்க்கரை போட்டு, உருண்டை பிடித்துப் போத்தலில் வைத்திருக்கிறேன். தம்பிக்கு அது எவ்வளவு விருப்பம் என்று உனக்குத் தெரியும்.

அப்பா ஒன்று எடுக்கப் போனார். கையில் தட்டினேன்.

உங்கள் இருவரின் அம்மா