வரிசையின் கடைசி இங்கே

அக்டோபர் 15, ஞாயிறு

இன்றும் அந்தப் பலகை என் கடைக்கு முன்னால்தான் நின்றது. "வரிசையின் கடைசி இங்கே." காலையில் சந்தையில் கடை விரித்ததிலிருந்து கட்டும்வரை.

வரிசை எனக்கில்லை. பக்கத்துக் கடை ஃபுசாகோ சுட்டு விற்கும் மோச்சிக்கு, பூரணம் வைத்த அரிசி உருண்டைக்கு. கடைசியில் நிற்பவர் பலகையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பின்னால் ஆள் வந்ததும் கைமாற்றிவிட வேண்டும். யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. முதல் ஆள் அவள் அடுப்புக்கு முன்னால், கடைசி ஆள் என் இஞ்சிக்கு முன்னால். என் கடை இருப்பதே வெளியே தெரியாது. இருபது முதுகுகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

போன கோடையில் டிவிக்காரன் ஒருவன் அவள் மோச்சியைக் கடித்துவிட்டுக் கண்ணை மூடி "ஆ!" என்றான். அன்றைக்குப் பிடித்த சனி.

சாயங்காலம் ஃபுசாகோ வழக்கம்போல் வந்து குனிந்து வணங்கினாள். "இன்னைக்கும் உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டோம், நிஷிமோரி அம்மா." கையில் இரண்டு மோச்சி. "அய்யய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று நான் அவளைவிட ஒரு சாண் அதிகமாகக் குனிந்து, பதிலுக்கு ஒரு பொட்டலம் இஞ்சி ஊறுகாய் கொடுத்தேன். பத்தொன்பது வருஷப் பழக்கம் இது. எனக்கு இனிப்பு ஆகாது. மோச்சி இரண்டும் நேரே எதிர்க்கடைக் கத்தி வியாபாரி குமோனிடம் போய்விடும். வாயில் போட்டுக்கொண்டு, "அக்கா, சண்டையை மட்டும் நிறுத்திராதீங்க" என்கிறான். எங்கே சண்டை? குனிந்து குனிந்து இடுப்புதான் வலிக்கிறது.

நவம்பர் 5, ஞாயிறு

சந்தை அலுவலகத்திலிருந்து தாள் வந்துவிட்டது. அடுத்த வருஷமும் இந்த இடம் வேண்டுமா? மார்ச் பத்துக்குள் சொல்ல வேண்டும்.

விற்பதைப் பார்த்தால் வேண்டாம் என்றுதான் எழுத வேண்டும். வேண்டாம் என்று எழுதிவிட்டு ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வேன்? ஆறு நாளும் மலைமேல் இஞ்சித் தோட்டத்தில் தனியாக நிற்கிறேன். புருஷன் என்று ஒருவன் இருந்தபோதே அந்த வீட்டில் பேச்சு குறைவு, இப்போது சுத்தம். மனுஷக் குரலைக் கேட்பது இந்த ஒரு நாள்தான். பயமாக இருக்கிறது. தாளை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 19, ஞாயிறு

டோக்கியோ ஜோடி ஒன்று. உள்ளூர் சாப்பாடு, கைத்தொழில், பழஞ்சாமான் எல்லாவற்றையும் "தேடிக் கண்டுபிடிக்க" வந்தார்களாம். தேடவேண்டியதையெல்லாம் பட்டியலாக அச்சடித்துக் கையில் வைத்திருந்தார்கள். மோச்சி இருந்தது, குமோனின் கத்திகூட இருந்தது. இஞ்சி இல்லை.

அந்தப் பெண் தன் பையை என் மேஜைமேல் வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏம்மா, இந்த மோச்சி நிஜமாவே அவ்வளவு நல்லா இருக்குமா?"

"தெரியாதும்மா. நான் வரிசையில நின்னதில்ல."

விழுந்து விழுந்து சிரித்தாள். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

டிசம்பர் 10, ஞாயிறு

மழை. அப்போதும் நின்றார்கள். இருபது குடைத் தண்ணீரும் என் இஞ்சிமேல்.

ஜனவரி 14, ஞாயிறு

ஃபுசாகோ வரவில்லை. அடுப்படியில் வழுக்கி வலது மணிக்கட்டு முறிந்துவிட்டதாம், குமோன் சொன்னான். "ஐயோ பாவம்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். மனசின் இன்னொரு மூலையில் ஏதோ ஒன்று குதித்தது. அதையும் எழுதிவிடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள்?

என் கடைக்கு முன்னால் முதுகே இல்லை. தெரு முனையிலிருக்கும் கோட்டை வாசல்வரை பளிச்சென்று தெரிந்தது. பொட்டலங்களை மூன்று தடவை அடுக்கினேன். ஜனங்கள் என்னைப் பார்த்தார்கள், நன்றாகவே பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தப் பாழாய்ப்போன வரிசை இருந்தபோதாவது நிற்கிற சலிப்பில் பத்துப் பேர் வாங்கினார்கள். இன்று மூன்று.

பலகை மட்டும் என் மேஜைக்காலில் சாய்ந்து கிடக்கிறது. போன வாரம் கடைசியாகப் பிடித்த மகராசி இங்கேயே போட்டுவிட்டுப் போய், அது என் சாமானோடு வந்திருக்கிறது. பின்பக்கம் பழைய எண்ணெய்க் கறை. மோச்சிக் கடைப் பலகையில் ஏது எண்ணெய்?

ஜனவரி 21, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காற்று. மேஜைத்துணி பறந்தது. முட்டுக்கொடுக்கப் பலகையை நிமிர்த்தி வைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. திரும்பி இஞ்சியை எடுத்து நிமிர்ந்தால், பலகைக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒருவர் நிற்கிறார். எதையும் பார்க்கவில்லை, கேட்கவில்லை, சும்மா நிற்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு அம்மாள் வந்து பணிவாகப் பலகையை வாங்கிக்கொண்டாள். பிறகு இரண்டு பேர். பிறகு ஒரு குடும்பம்.

"உங்களுக்கு என்ன வேணும்?" என்று கண்ணாடிக்காரரைக் கேட்டேன்.

"ரெண்டு குடுங்க."

"இது இஞ்சிங்க."

முகம் ஒரு நொடி விழுந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தார். எட்டுப் பேர். இத்தனை பேருக்கு முன்னால் தெரியாமல் நின்றுவிட்டேன் என்று சொல்லுவாரா? "தெரியுமே" என்றார். "ரெண்டு."

முன் ஏர் போன வழி பின் ஏர். அவர் இரண்டு வாங்கியதைப் பார்த்து அந்த அம்மாளும் இரண்டு. குடும்பத்துக்கு ஆறு. "தப்பு வரிசைங்க" என்று சொல்ல வாய்வரை வந்தது. வந்தது திரும்பிப் போய்விட்டது. ஒரு மணிக்குள் மேஜை காலி.

ஜனவரி 23, செவ்வாய்

காற்றுக்காகத்தான் வைத்தேன்.

ஜனவரி 28, ஞாயிறு

இன்று காற்றில்லை. பலகையை வைத்தேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

யாரோ போனில் போட்டிருக்கிறார்களாம்: "உள்ளூர்க்காரர்கள் மட்டுமே அறிந்த ரகசிய இஞ்சி." உள்ளூர்க்காரர்களுக்கும் இப்போதுதான் தெரியும். ஒரு பெண்ணின் கையில் அச்சடித்த பட்டியல், அதில் என் பெயர், பிழையாக. பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கக்கேடு.

குமோன் விடுவானா? "என்னக்கா, எரியிற வீட்டுல புடுங்குனது லாபமா?"

"ஏன், வரிசையில நிக்கிறவங்க உன் கத்தியப் பாக்கலியா? நாலு வித்துச்சே."

"அதான் சத்தமாக் கேக்கல, மெதுவாத்தான கேட்டேன்."

சாயங்காலம் ஃபுசாகோவுக்கு நலம் விசாரித்துக் கார்டு எழுதினேன். "நீங்கள் இல்லாமல் சந்தை வெறிச்சோடிக் கிடக்கிறது." எழுதிய கையை வெட்ட வேண்டும். அஞ்சலில் போட்டாயிற்று.

பிப்ரவரி 25, ஞாயிறு

அவள் வந்தாள்.

முன்கூட்டிச் சொல்லவில்லை. கையில் கட்டு, அதைத் தாங்கக் கழுத்தில் கட்டிய துணி. மூடிக்கிடந்த அவள் இடத்துக்கு முன்னால் என் வரிசை நிற்கிறது, கடைசி ஆள் கையில் அவள் பலகை. நான் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இஞ்சியை எண்ணினேன், எண்ணியதையே எண்ணினேன். போச்சு. பத்தொன்பது வருஷமும் போச்சு. கார்டு வேறு போய்ச் சேர்ந்திருக்குமே, கடவுளே!

நிமிர்ந்து பார்த்தால் ஃபுசாகோ வரிசையின் கடைசிக்குப் போய், இடது கையால் பலகையை வாங்கிக்கொண்டு நிற்கிறாள்.

அரை மணி நேரம். பின்னால் ஆள் வந்ததும் பலகையைக் குனிந்து கைமாற்றினாள். ஒவ்வொரு அடியாக நகர்ந்தாள். பொட்டலம் கட்டவே எனக்குக் கை வரவில்லை. முன்னால் வந்ததும், "ரெண்டு குடுங்க" என்றாள்.

"மன்னிச்சிருங்க" என்றேன். "காத்துக்கு முட்டுக்குடுக்கத்தான் வச்சேன்... முதல் தடவ."

"நானும் காத்துக்குத்தான் வாங்கினேன்" என்றாள்.

"என்னது?"

"தெருக்கோடியில பழஞ்சாமான் விக்கிறாரே, அவர்கிட்ட. இழுத்து மூடின நூடுல்ஸ் கடையோடது. துணி பறக்குதேன்னு சாத்தி வச்சேன், ஒரு ஆளு வந்து நின்னுட்டான். நான் என்ன செய்ய, போன்னா சொல்ல முடியும்?"

"அப்ப டிவிக்காரன்?"

"வரிசையப் பாத்துத்தான வந்தான்!"

எனக்கு முதலில் கோபம், பிறகு சிரிப்பு, பிறகு அழுகை. வரிசை மொத்தமும் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தது.

"இத்தன வருஷமா நீங்க குடுத்த இஞ்சிய நான் தின்னதே இல்ல" என்றாள். "வாய் எரியும். எல்லாம் எங்க வீட்டுக்காரருக்கு."

"உங்க மோச்சி எல்லாம் குமோனுக்கு."

"தெரியும். ஒவ்வொரு வாரமும் என் கண்ணு முன்னாலதான திங்கிறான்."

பலகையைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கவில்லை. "கட்டுப் பிரிக்கிறவரைக்கும் வச்சுக்கோ, கியோமி" என்று போய்விட்டாள். என் பெயர் அவளுக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

மார்ச் 8, வெள்ளி

தாளைக் கொடுத்துவிட்டேன். இடம் வேண்டும் என்று எழுதி.

மார்ச் 10, ஞாயிறு

ஃபுசாகோ அடுப்பு மூட்டிவிட்டாள். பலகை காலையில் அவளுக்கு, மத்தியானத்துக்குமேல் எனக்கு. ஏற்பாடு.

பத்து மணிக்குக் கடையைக் குமோனிடம் ஒப்படைத்துவிட்டுப் போய் வரிசையின் கடைசியில் நின்றேன். பலகை கைக்கு வந்தது. நினைத்ததைவிடக் கனம். என் கடைக்கு முன்னாலேயே என் கடையை மறைத்துக்கொண்டு நின்றேன். இங்கிருந்து பார்த்தால் இஞ்சி நன்றாகத்தான் தெரிகிறது. இத்தனை மாதம் நான் திட்டித் தீர்த்த முதுகுக்காரர்கள் தலையைத் திருப்பும்போதெல்லாம் பார்த்தது என் இஞ்சியைத்தான்.

பின்னால் ஒருவர் வந்தார். "என்ன வரிசைங்க இது?"

"நில்லுங்க. போகப் போகத் தெரியும்."

நின்றார். பலகையைக் கொடுத்தேன்.

முப்பத்தைந்து நிமிஷம். ஃபுசாகோ ஒன்றும் தெரியாதவள்போல், "எத்தனைங்க?" என்றாள். ரெண்டு என்றேன். ஒன்றை அங்கேயே நின்று கடித்தேன். சுடச்சுட, மேலே கருகல், உள்ளே பயறுப் பூரணம். நன்றாகத்தான் இருந்தது. முப்பத்தைந்து நிமிஷம் நின்ற பிறகு வேறெப்படி இருக்கும்?

கடைக்குத் திரும்பியதும் குமோன் வழக்கம்போல் கையை நீட்டினான்.

கொடுக்கவில்லை.