மால்வாச் செடி வளர்க்கிறவன்

தை 5, திங்கள்

பனி. எண்ணூர்ப் பக்கமிருந்து வாடை. கன்டெய்னர் யார்டில் லாரி வரிசை நகரவே இல்லை. வாங்க: டோலக்குக் கயிறு, பனங்கற்கண்டு. வெள்ளைச் சட்டை இஸ்திரிக்கு.

சனிக்கிழமை சேகருக்கு ரிசப்ஷன். ராயபுரம் கல்மண்டபத்தில் என்னோடு வளர்ந்தவன், இப்போது கப்பல் இன்ஜினுக்கு எண்ணெய் போடுகிற ஆயிலர். பாட்டு நான்தான். இதுவரை சாவு வீட்டில் மட்டுமே கானா பாடியவனைக் கல்யாண மேடைக்குக் கூப்பிட்டிருக்கிறான். நன்றாக அமைந்தால் இனி கல்யாணங்களும் வரும். சொதப்பினால் மறுபடி பாடை ஓரம்தான்.

ஒரே நிபந்தனை. அவன் கப்பல் சமையல்காரர் ராமோன் பாடுகிற ஸ்பானிஷ் பாட்டை அப்படியே பாட வேண்டுமாம். ஆடியோவும் வரிகளும் அனுப்பியிருக்கிறான். மெட்டு துள்ளல், நம் தாளத்துக்கு உட்காருகிறது.

தை 6, செவ்வாய்

அர்த்தம் தெரியாமல் எனக்குப் பாட வராது. போனில் போட்டுப் பார்த்தேன்.

மேதியா நராங்ஹா: பாதி ஆரஞ்சு.
எஸ்திரோ லா பாத்தா: காலை நீட்டினான்.
க்ரியாந்தோ மால்வாஸ்: மால்வாச் செடி வளர்க்கிறான்.

ஆக, ஒருவன் காலை நீட்டிவிட்டுச் செடி வளர்க்கிறான். அடுத்த வரியில், குழம்பில் உப்பில்லை என்று பாதி ஆரஞ்சு அவனைத் திட்டுகிறது. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சேகருக்குப் போன்.

"பாதி ஆரஞ்சுன்னா பொண்டாட்டி மாமு. ஒரே பழத்த ரெண்டா வெட்னா அது ரெண்டுதான பொருந்தும்? அதான்."

"சோக்கா கீதுடா. அப்ப கால நீட்றது?"

"அது டான்ஸு. வுடு மாமு."

சட்டென்று வைத்துவிட்டான். அவன் அப்படி வைக்கிற ஆள் இல்லை.

தை 8, வியாழன்

நேற்று எழுதவில்லை. தொண்டை கட்டு.

காலை நீட்டினான். அந்த வரி வந்தாலே குரல் இறங்குகிறது. நான் பார்த்த நீட்டிய கால்களில் எல்லாம் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருக்கும். மதியம் யார்டு கேண்டீனில் உட்கார்ந்து தேடினேன். ஸ்பானிஷ் சொல்வழக்குகளை விளக்குகிற பக்கம் ஒன்று கிடைத்தது.

காலை நீட்டுவது என்றால் நாம் மண்டையைப் போட்டான் என்போமே, அது. மால்வா வளர்ப்பது என்றால் மண்ணுக்குள் போய்விட்டான் என்று. சாவுப் பாட்டு. நம் கானா மாதிரியே செத்தவனைக் கிண்டல் அடித்து. அதனால்தான் மெட்டு துள்ளுகிறது.

ராயபுரத்தில் தெருவுக்கு ஒரு கப்பல்காரன். எவனாவது ஒருத்தனுக்குப் புரிந்தால்? கல்யாணத்தில் ஒப்பாரி வைத்தவன் என்று பேர் வந்தால் ஆயுசுக்கும் போகாது.

அமுதா கேட்டாள், "இன்னாயா, மூஞ்சி பேஜாரா கீது?"

"ஒண்ணுமில்ல, தொண்ட."

மனைவியிடமே பொய்.

தை 9, வெள்ளி

வேலை முடித்து நேராகக் கல்மண்டபம். சேகர் டீக்கடையில் இருந்தான். நேரடியாகவே கேட்டேன்.

"சாவுப் பாட்டுன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

டீயைக் கீழே வைத்தான். "தெரியும்."

"பின்ன இன்னாத்துக்குடா என் பொழப்புல கைய வைக்கிற?"

"ராமோன் போய்ட்டாரு மாமு. நடுக்கடல்ல, நெஞ்சு வலி. அடுத்த ஆர்பர்ல பொட்டில வெச்சு எறக்கிட்டாங்கோ. மோளம் இல்ல, பாட்டு இல்ல, ஒருத்தன் அழல. நாங்க மறுபடி டூட்டிக்குப் போய்ட்டோம்."

எங்கள் தெருவில் நாதியற்றுச் செத்தவனுக்குக்கூட நாலு வரி பாடிவிடுவோம்.

"காசிமேட்டுக்கு வா, கடலப் பாத்துத் தனியா பாடறேன். எவ்ளோ நேரம் வேணா பாடறேன்" என்றேன்.

"எங் கல்யாணத்துக்கு வந்து ஆடறேன்னு சொல்லிகினே இருந்தாருடா. காசிமேட்டுக்கா வரேன்னாரு?"

எழுந்து வந்துவிட்டேன். டோல்கேட் வரை நடை. கோபம் அவன்மேலா, என்மேலா, எனக்கே புரியவில்லை. அழுகை வந்தது.

தை 11, ஞாயிறு, காலை

பாடினேன்.

கடைசிப் பாட்டாக வைத்தேன், பாதிப் பேர் பந்திக்குப் போயிருப்பார்கள் என்று. போகவில்லை. முதல் வரியிலேயே குரல் நடுங்கியது, வாத்தியக்காரர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். பெண்வீட்டார் நாற்காலிகளைத் தள்ளிவிட்டு ஆடினார்கள். "எஸ்திரோ லா பாத்தா" என்று நான் பாட, கூட்டமே திருப்பிக் கத்தியது. யாருக்காவது புரிகிறதா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே பாடினேன். சட்டை நனைந்துவிட்டது.

மேடையில் சேகர் மட்டும் ஆடவில்லை. கோட்டு, மாலையோடு குனிந்து ஷூவைக் கழற்றிவிட்டு, பாடை முன்னால் நிற்பதுபோல் வெறுங்காலில் நின்றான். ஷூ கடிக்கிறதா என்று மணப்பெண் கேட்டது என் காதிலும் விழுந்தது. ஆமாம் என்று தலையாட்டினான்.

இறங்கியதும் பெண்ணின் பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். புதன்கிழமை அவர்கள் மகளுக்கு வளைகாப்பு.

"அந்தக் கடேசிப் பாட்டத்தான் தம்பி மொதல்ல பாடணும். கொயந்த வவுத்துல இருந்தே கேக்கட்டும்."

சரி என்று சொல்லிவிட்டேன்.