நைஜீரியாத் தட்டை எரிக்காமல் விட்டது ஏன்

என் அன்புள்ள அத்தான்,

1983 பெப்ரவரி 12, சனிக்கிழமை, காலை பத்தரை. கிளிநொச்சியில் வாய்க்கால் கரைப் பிள்ளையார் கோயிலில் நாங்கள் நாலு பேர்: அக்கா, உங்கள் அம்மாவான மாமி, ஐயர், நான். நடுவில், நைஜீரியாவில் படிப்பித்துக்கொண்டிருந்த நீங்கள் லீவில் வரும்போது கொண்டுவந்த மரத்தட்டு. அதை எரிப்பதா, வைத்திருப்பதா என்று பூக்கட்டிப் பார்க்க வந்திருந்தோம். நீங்கள் சிரித்திருப்பீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

வழக்கு இதுதான். அந்த லீவிலேயே நெஞ்சுவலி வந்து நீங்கள் போய்விட்டீர்கள். அதன்பிறகுதான் தட்டின் விளிம்பில் செதுக்கிய முகத்தை மாமி கண்டார். "உது பேய் முகம். இவள் உதிலை மா அரிச்சுத்தான் என்ரை பிள்ளைக்குப் புட்டு அவிச்சவள்." அன்றிலிருந்து அக்கா குசினியில் நிமிர்ந்து நிற்பதில்லை. மரத்துண்டு எரிந்தால் எனக்கென்ன? ஆனால் அதை எரித்தால், உங்களைக் கொன்றது அக்காதான் என்று ஊர் முடிவெடுத்துவிடும்.

நீங்கள் எனக்குச் சொன்னதையெல்லாம் மாமிக்கு விளக்கினேன். நைஜீரியாவின் யொருபாக்காரர் குறி பார்க்கும் தட்டு அது. அதில் தூள் பரப்பி, எண்ணெய்ப்பனையின் பதினாறு கொட்டைகளைக் கையால் அள்ளுவார்கள். ஒன்று மிஞ்சினால் தூளில் இரண்டு கோடு, இரண்டு மிஞ்சினால் ஒரு கோடு. இப்படி எட்டுத் தரம். மொத்தம் இருநூற்று ஐம்பத்தாறு விடை. பூக்கட்டிக் கேட்டால் இரண்டே இரண்டு.

"கணக்குப்படி அவையின்ரைதான் திறம், மாமி."

"உன்ரை கணக்கை வாய்க்காலிலை கொண்டுபோய் விடு, தம்பி."

இதைச் செதுக்கியது உங்கள் மாணவனின் தகப்பன், அக்காவின் மாவைத் தவிர இதில் ஒரு தூளும் பட்டதில்லை என்றேன். காதிலேயே விழவில்லை. அந்த முகம் யாருடையது, அத்தான்? நீங்கள் சொல்லவில்லையா, நான் கேட்கவில்லையா?

ஐயர் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் வெற்றிலையில் மடித்து வைத்தார். அக்கா எடுத்தாள். வெள்ளை, வைத்திருக்கலாம். "அவள் எடுத்தது செல்லாது" என்று மாமி தானே ஒன்றை எடுத்தார். சிவப்பு.

"பிள்ளையாரை ஏனம்மா இடையிலை மாட்டிவிடுறியள்?" என்றார் ஐயர்.

அப்போதுதான் அக்கா வாய் திறந்தாள். "மாமி, அங்கை குறி சொல்லுறவை, 'இனி இன்னது செய்' எண்டு சொல்லித்தான் முடிப்பினமாம். அவர் சொன்னவர். நீங்கள் இன்னும் ஆர் செய்தது எண்டே கேட்டுக்கொண்டு நிக்கிறியள். நான் செய்யேல்லை. இனி என்ன செய்யிறது எண்டு கேளுங்கோ."

மாமி கையிலிருந்த சிவப்புப் பூவைத் திரும்ப வெற்றிலையில் வைத்தார். பிறகு, "வயலிலை நெல்லு விளைஞ்சு சாயுது, பிள்ளை. அருவி வெட்ட ஆரைப் பிடிக்கிறது?" என்றார். அழுதுகொண்டுதான் கேட்டார். ஆனால் அக்காவைப் பார்த்துக் கேட்டார். எரிக்கும் பேச்சு அதோடு நின்றது.

ஆகவே நான் செய்யப்போவது:

1. திங்கட்கிழமை லீவு போட்டு, மல்லாவிக்குப் போய் நெல் வெட்ட ஆள் கூட்டிவருவேன்.
2. தண்ணீர்ப் பம்பைக் கழற்றிச் சரியாகத் திரும்பப் பூட்டுவேன். நீங்கள் திருத்தியது, மன்னிக்கவேண்டும், பிழை.
3. தட்டு என் அலுமாரியில் இருக்கும். மாமி கேட்டால் ஒளிக்கமாட்டேன்.
4. அக்காமேல் பழி போட வருபவர் முதலில் என்னோடு கதைக்கவேண்டும். மாமியும் அதில் அடக்கம். மாமிக்கு மட்டும் கதிரை போட்டு, இருத்தி வைத்துக் கதைப்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

வாய் அடங்காத,
உங்கள் மச்சான்