மைக்கில் விழாத குரல்

ஜூன் 12, வியாழன்

காலையிலேயே புழுக்கம். லேப்டாப் மைக் சரியில்லையா, இவர் குரலே இனி இவ்வளவுதானா?

திங்கள் இவருக்கு ஆபரேஷன். கட்டியோடு குரல்வளையையும் எடுத்துவிடுவார்கள். அதற்குமுன் இவர் பேசுவதைப் பதிந்து வைக்க வேண்டும். புனேயிலிருந்து மகள் ஜெனி கேட்டது அது ஒன்றுதான். என் போன் மழையில் நனைந்ததிலிருந்து மைக் வேலை செய்வதில்லை. இவருடையது பட்டன் போன், அதில் பதிந்தால் வெறும் காற்று. பக்கத்து வீட்டில் கேட்கலாம். எதற்கு என்று சொல்ல வேண்டிவரும். மிச்சம், லினக்ஸ் ஓடும் பழைய லேப்டாப்.

மதியம் முழுக்க அதோடு. செட்டிங்ஸில் மைக் அளவு முழுதாக இருக்கிறது. பதிவிலோ கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல். தேடிப் பிடித்து, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரைத் திறந்தால், 'மைக் பூஸ்ட்' பூஜ்யத்தில். ஏற்றினேன். என் குரல் கணீரென்று வந்தது.

மாடிப்படியில் பக்கத்து வீட்டுச் செல்வி: "இன்னாக்கா, காலைலேர்ந்து அலோ அலோன்னுகினு கீறே? லைன்ல யாரு, கலெக்டரா?" சிரித்துவைத்தேன்.

ஜூன் 13, வெள்ளி

கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டேன். மாத்திரை வாங்க வேண்டும். கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும்.

இவரை மைக் முன் உட்காரவைத்தேன். ஹார்பரில் கிரேனுக்குச் சிக்னல் கொடுத்தவர். "நான் ஒரு கொரலு உட்டா கிரேனே நிக்கும். இந்தப் பொட்டிக்குக் கேக்கலயாமா?" பேச்சு காற்றும் கரகரப்புமாகத்தான் வருகிறது. "நீ வெளிய போ, டீச்சரம்மா. பொண்ணாண்ட பேசணும்."

மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். மடித்த துணியையே மறுபடி மடித்தேன். இறங்கி வந்தபோது துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். போட்டுக் கேட்கவில்லை. எனக்குப் பேசியது அல்ல. அப்படியே ஜெனிக்கு அனுப்பினேன்.

ஜூன் 14, சனி

வெயில். இவர் போனில் ஜெனி. "அம்மா, அதுல ஒண்ணுமே இல்லம்மா. அரை மணி நேரம் சும்மா ஓடுது."

போட்டுக் கேட்டேன். லாரிச் சத்தம்கூட இல்லை. எங்கள் காலடிப்பேட்டையில் கன்டெய்னர் லாரிச் சத்தம் இல்லாத அரை மணி நேரமா? அப்போதுதான் உறைத்தது. ஆன்லைன் வகுப்பு நாட்களில், லாரி இரைச்சல் பிள்ளைகளுக்குக் கேட்கக் கூடாதென்று நானே ஒரு நாய்ஸ் ஃபில்டர் போட்டேன். மறந்தும்போனேன். என் குரலை விட்டுவைத்தது. இவர் குரலை லாரியோடு சேர்த்து எடுத்துவிட்டது.

ஃபில்டர் தாண்டி வந்ததுதான் பதிவாகும். மீட்க வழியில்லை. மூன்று இடத்தில் கேட்டாயிற்று. இல்லை.

நேற்று ஒரு வரி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

ஃபில்டரை எடுத்துப் போட்டுவிட்டு, மறுபடி பேசச் சொன்னேன். தலையை ஆட்டினார். "அதெல்லாம் ஒரு தபாதான் வரும்." என்னதான் பேசினீர்கள் என்றேன். "உனுக்கு இன்னாத்துக்கு?"

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

சர்ச்சுக்கு, பூசைக்குப் போகவில்லை. மாலை அட்மிஷன். பையில்: லுங்கி 2, துண்டு, டம்ளர், ஸ்கேன் கவர், லேப்டாப்.

காலையில் ரெக்கார்டரை ஓடவிட்டு மறுபடி கேட்டேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம். வாயைத் திறந்தார். சோதனைக்குப் பேசுவதுபோல ஒரு வரி. பிறகு ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆட்டோ வந்துவிட்டது.

ஜூன் 16, திங்கள்

ஆபரேஷன் முடிந்தது. விழித்திருக்கிறார். எழுத ஏதாவது வேண்டுமென்று கையால் காட்டினார்.

ஜெனி காலை ரயிலில் வந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் லேப்டாப்பைத் திறந்து நேற்றைய பதிவைப் போட்டு, இயர்போனில் ஒன்றை என் காதில் வைத்தாள். லாரி ஹாரன். ஃபேன். செல்வி யாரையோ பேமானி என்று திட்டுகிறாள். பிறகு இவர்: "இன்னா டீச்சரம்மா, இப்பவாவது கேக்குதா?" உடனே என் குரல், அவ்வளவு பெரிதாக: "கேக்குது. பேசுங்க." அப்புறம் லாரிகள் மட்டும்.

ஜெனி முதலிலிருந்து போட்டாள்.