மூன்றாவது கொயில்

மாசி 14, சனி

பனி. ஏழு மணி வரை கேற் தெரியவில்லை. என் மனிசன் போய் இன்று பதினேழாம் நாள்.

அடுத்த வீட்டு ராணியக்கா இடியப்பம் கொண்டு வந்தார். பதினேழு நாளும் அவர் கையால்தான் சாப்பாடு. "ஒருக்கா வாய்விட்டு அழு பிள்ளை. நெஞ்சுக்குள்ளை வைச்சிருக்கக் கூடாது" என்றார். வந்தால் அழமாட்டேனா. வரவில்லை. மூன்று இடியப்பம் சாப்பிட்டேன். பசியில்லை, அவர் பார்த்துக்கொண்டு இருந்தார், அதற்காக.

பிறகு குகன் போன் எடுத்தான். இவருடைய தம்பி, பளையில் இருக்கிறான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, கொள்ளி வைத்தவனும் அவன்தான். முப்பத்தொன்றாம் நாளுக்குச் சாம்பல் கரைக்கக் கீரிமலை போக வான் பிடிக்கவா என்று கேட்டான். எங்கள் காரிலேயே போகலாம் என்றேன்.

"கார் இழுக்காதே அண்ணி. கராஜிலையிருந்து ஒராளை அனுப்பட்டோ?"

"வேண்டாம் தம்பி."

பிறகு "சரி அண்ணி" என்று வைத்துவிட்டான்.

கராஜ்காரர் வரக்கூடாது. வந்தால் பொனெற்றை, இஞ்சின் மூடியைத் திறப்பார். திறந்தால் கண்டுபிடிப்பார்.

மாசி 15, ஞாயிறு

சிவராத்திரி. சாவுத் தீட்டு, துடக்கு வீடு, கோயில் இல்லை. லவுட்ஸ்பீக்கர் மட்டும் வருகிறது. வயல் பக்கம் வெட்டு மெஷின் சத்தம்.

எழுதத்தான் வேண்டும். பாடசாலை ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருபது வருஷம் வேலை செய்துவிட்டேன். பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுது, உன் விருப்பத்தை எழுதாதே.

தை 28. இவர் முள்ளியவளையில் ஒரு செத்த வீட்டுக்குக் காரில் போய் வந்தார். காரைக் கேற்றுக்கு வெளியே நிறுத்தச் சொன்னேன். இவர் கிணற்றடியில் முழுகினார். நான் மஞ்சள் கரைத்துக் காரைக் கழுவினேன். வெளியே கழுவியதோடு விட்டிருக்கலாம். துடக்கு எல்லா இடமும்தானே போயிருக்கும் என்று பொனெற்றையும் திறந்தேன். இஞ்சின் மேல் ஒரு வாளி மஞ்சள் தண்ணீர். அதற்கு மேல் ஹோஸ். சுத்தக்காரி என்று ஊரெல்லாம் பெயர்.

பின்னேரம் இவர் பேக்கரிக்குப் பாண் வாங்கக் காரில் போனார். வந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

தை 29. விடிய ஐந்தரை. காரடியில் இருந்து கூப்பிட்ட சத்தம். பல்லுத் தீட்டப் போனவர் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் நெஞ்சைப் பிடித்தபடி நிலத்தில் இருக்கிறார். ஏற்றிக்கொண்டு நான்தான் ஓட்டினேன். கார் இழுக்கவில்லை. உதறல். பெற்றோல் மிதித்தால் இருமல்.

"மூண்டு சிலிண்டரிலைதான் ஓடுது. பறவாயில்லை, நீர் பதறாமல் ஓட்டும்" என்றார். அதற்குப் பிறகு கதைக்கவில்லை. பரந்தன் சந்திக்குள் இரண்டு தரம் நின்றது. கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு இருபத்தைந்து நிமிஷத்துப் பாதை, ஐம்பது நிமிஷம் எடுத்தது. "கொஞ்சம் முந்திக் கொண்டந்திருக்கலாமே அம்மா" என்று அங்கே யாரோ சொன்னார்கள். ஆணா பெண்ணா என்றுகூட நினைவில்லை.

நான் தண்ணீர் அடித்தது ஒருவருக்கும் தெரியாது. அந்தத் தண்ணீரால்தான் கார் இழுக்காமல் போனதா? அது மட்டும் தெரிய வேண்டும்.

மாசி 17, செவ்வாய்

வெயில். பனி இல்லை.

போனில் ஒரு இந்தியாக்காரரின் வீடியோ. நான்கு தரம் பார்த்தேன். ஒவ்வொரு சிலிண்டருக்கும் மேலே ஒரு கொயில், பிளக்குக்கு நெருப்புப் பொறி கொடுப்பது அதுதான். ஒரு கொயில் நனைந்தாலோ வெடித்தாலோ அந்தச் சிலிண்டர் செத்துவிடும், மற்ற மூன்றும் இழுக்கும். "செத்துவிடும்" என்று அவர் ஏழு தரம் சொன்னார். எண்ணினேன்.

குறித்தது:
- பற்றரி மைனஸ் வயர் முதலில்
- மேல் மூடி
- கொயில் 4. ஒவ்வொன்றிலும் ஒரு போல்ட், பத்தாம் நம்பர்
- வயர் கொழுக்கி பழசு, மெதுவாக அமத்து, உடையும்
- முறுக்கி நேரே மேலே தூக்கு
- எது எங்கே இருந்தது என்று அடையாளம்!

இவருடைய சாமான் பையில் எட்டு இருக்கிறது, பன்னிரண்டு, பதினான்கு இருக்கிறது. பத்தாம் நம்பர் ஸ்பானர் இல்லை. குசினி லாச்சி, கட்டிலுக்குக் கீழே, பம்பு அறை. இல்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் தந்த பை. அலுமாரிக்கு மேல் கட்டியபடியே இருந்தது. அன்றைக்கு உடுத்திருந்த சாரம், சேட்டு, கண்ணாடி. சேட்டுப் பொக்கற்றில் பத்தாம் நம்பர். கண்டதையும் பொக்கற்றுக்குள் போடுகிற மனிசன், ஒரு சேட்டிலும் ஓட்டை இல்லாத பொக்கற் கிடையாது.

சாரத்தை விரிக்கவில்லை. பிறகு தோய்க்க வேண்டும். பையைத் திரும்பக் கட்டி மேலே வைத்தேன்.

மாசி 18, புதன்

காலை 8.20 தொடக்கம். ராணியக்கா வேலியால் எட்டிப் பார்த்து, "உதெல்லாம் ஆம்பிளையளின்ரை வேலையெல்லோ?" என்றார். ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல.

பழைய கியூட்டெக்ஸ் போத்தல் ஒன்று காயாமல் இருந்தது. கொயில் தலைகளில் புள்ளி வைத்தேன், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. என் நகத்தில் வைத்து எத்தனை வருஷம்.

சிலிண்டர் 1 – போல்ட் இறுக்கம். கொயில் இறங்கியிருந்த கிடங்கு காய்ந்திருக்கிறது.
சி. 2 – அதே.
சி. 4 – இரும்புக் கறள் கொஞ்சம். காய்ந்துதான் இருக்கிறது.
சி. 3 – போல்ட் ஸ்பானர் இல்லாமலே கையோடு வந்தது. உதறலில் இளகியிருக்கும். கொயிலை இழுத்தேன். நீட்டு றப்பரில் மேலிருந்து கீழே மயிரளவு வெடிப்பு. ரோச் லைற் அடித்துக் கிடங்குக்குள் பார்த்தேன். தண்ணீர் இல்லை, வற்றிவிட்டது. பிளக்கைச் சுற்றி மஞ்சள் வளையம்.

விரலால் தொட்டு மணந்து பார்த்தேன். மஞ்சள்தான்.

ஆக, தெரிந்துவிட்டது. நான்தான். விழுந்து புரள்வேன் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கை கழுவினேன். தேத்தண்ணி போட்டேன். பால் திரைந்திருந்தது, அதையே குடித்தேன்.

மாசி 20, வெள்ளி

இரண்டு நாளாகப் படுத்தே இருந்தேன். இன்று எழும்பினேன்.

ஈர்க்கில் துணி சுற்றிக் கிடங்கைத் துடைத்தேன். ஏழு துணி. கடைசித் துணி வெள்ளையாக வந்தது. நாலு கொயிலையும் பூட்டி ஸ்ராட் பண்ணினேன். உதறல். ஓடும்போதே ஒவ்வொரு வயராகக் கழற்றிப் பார்க்கச் சொன்னார் வீடியோக்காரர். எதைக் கழற்றினால் சத்தம் மாறவில்லையோ அதுதான் செத்தது. மூன்றாவதில் மாறவில்லை. நிப்பாட்டி, மூன்றாவது கொயிலை முதலாவது இடத்தில் வைத்தேன். இப்போது முதலாவது செத்தது. வருத்தம் கொயிலோடு போகிறது, பிளக் சரி.

ஆய்வுகூடத்தில் என்றால் முடிவு என்று கோடு போட்டு எழுதச் சொல்வேன்.

மாசி 21, சனி

9.15 பஸ்ஸில் கிளிநொச்சி. கொயில் சாப்பாட்டுப் பைக்குள். பின் சீற்றில் இரண்டு பேர். "முப்பத்தொண்டும் முடியேல்லை, வெளிக்கிட்டிட்டா." "ஆர் கேக்கிறது, ஆளில்லாத வீடு." திரும்பிப் பார்க்கவில்லை. உண்மைதானே.

பழைய கார் பாட்ஸ் விற்கும் முஸ்லிம் நானா ஒருவரின் கடை. வெள்ளைத் தொப்பி, மூக்கு நுனியில் கண்ணாடி. மீற்றர் வைத்துப் பார்த்தார்.

"கொயில் பழுதில்லை தங்கச்சி. றப்பர்தான் போயிற்று. கழண்ட கொயில் ஒண்டிலையிருந்து றப்பரும் ஸ்பிரிங்கும் எடுத்துப் போட்டுத் தாறன்." பழைய றப்பரைத் திருப்பிப் பார்த்தார். "மஞ்சளோ இது?"

ஓம் என்றேன்.

சிரித்தார். "புது வாகனம் எண்டாலும் மஞ்சத் தண்ணி, செத்த வீட்டாலை வந்தாலும் மஞ்சத் தண்ணி. என்ரை கடை ஓடுறதே உங்கடை ஆக்களின்ரை மஞ்சளாலைதான்."

நல்ல மனிசன். அவருக்கு என்ன தெரியும். நானும் சிரித்தேன் போல, கன்னம் இழுத்தது.

"தண்ணி போனால் எவ்வளவு நேரத்திலை தெரியும் நானா?"

"உடனேயே இருமத் தொடங்கியிடும். கார் ஓடினவருக்கு அண்டைக்கே விளங்கியிருக்கும்."

அன்றைக்கே. அப்படியென்றால் பாண் வாங்கப் போன போதே இவருக்குத் தெரியும். ஏன் ஒரு சொல் சொல்லவில்லை? கோபமா? கோபம் என்றால் வாய்விட்டுக் கத்துகிறவர். மூன்று சிலிண்டர் என்று காரில் சொன்னபோது குரலில் ஒரு வியப்பும் இல்லை. "பறவாயில்லை" என்றார். எது பரவாயில்லை?

பஸ் முழுக்க இதுதான். இறங்க வேண்டிய இடத்துக்கு அடுத்த இடத்தில் இறங்கி நடந்தேன்.

மாசி 23, திங்கள்

கொயில் 3 பூட்டினேன். பத்தாம் நம்பரால் இறுக்கினேன். ஸ்ராட்.

நாலும் ஓடுகிறது. உதறல் இல்லை. ஸ்ரேரிங்கில் கை வைத்தால் ஓடுவதே தெரியவில்லை.

இதைச் செய்ய இருபத்தைந்து நாள் பிந்தினேன். சந்தோஷம் இல்லை. துக்கமும் கையில் பிடிபடவில்லை. மரத்த பல் மாதிரி இருக்கிறது, இருக்குமிடம் தெரிகிறது, நோவு தெரியவில்லை.

சீனி முடிந்துவிட்டது.

மாசி 27, வெள்ளி

நாளைக்கு அந்தியேட்டி, முப்பத்தொன்று. வீடு முழுக்கக் கழுவல், துடக்குக் கழிவு. ராணியக்கா குசினியில். குகன் காலையிலேயே வந்துவிட்டான். அறைகளுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து முடிந்ததும், மிச்ச வாளியைத் தூக்கிக்கொண்டு காரடிக்குப் போனான். நான் அரிசி புடைத்துக்கொண்டு இருந்தேன். பொனெற் திறக்கிற சத்தம் கேட்டது.

"ஊத்தாதை!"

என் குரல்தான். சுளகு கீழே. அரிசி முற்றமெல்லாம். ராணியக்கா அகப்பையோடு ஓடி வந்தார். பேசாமல் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை.

"அண்டைக்கு நான்தான் இஞ்சினுக்குத் தண்ணி ஊத்தினனான். செத்த வீட்டாலை வந்த கார் எண்டு. அதாலைதான் இழுக்கேல்லை. அதாலைதான் பிந்தினது. நான்தான் தம்பி."

குகன் வாளியைக் கீழே வைத்தான். நிமிரவில்லை.

"எனக்குத் தெரியும் அண்ணி."

ராணியக்கா என் தோளைப் பிடித்தார்.

"முதல்நாள் பின்னேரம் பாண் கடையடியிலை நிண்டு அண்ணா போன் எடுத்தவர். 'உன்ரை அண்ணி இஞ்சினையும் முழுக வாத்துப்போட்டா, மூண்டாவது இருமுது' எண்டு ஒரே சிரிப்பு. கராஜுக்குக் குடுங்கோ எண்டன். வேண்டாமாம். 'அவவுக்குத் தெரிஞ்சால் இரவு நித்திரை கொள்ளா. விடிய அவ எழும்ப முந்திக் கழட்டித் துடைச்சுப் பூட்டியிடுறன், நீ வாய் திறக்காதை' எண்டவர்."

"ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"சொன்னால் உங்களைக் குற்றம் சொன்ன மாதிரி இருக்கும் எண்டு. உங்களுக்குத் தெரியாதெண்டு நினைச்சிருந்தன்." முகத்தைத் தோளில் துடைத்தான். "பளை என்ன தூரமே அண்ணி. அண்டைக்குப் பின்னேரமே நான் வந்து கழட்டிக் குடுத்திருக்கலாம். முப்பது நாளும் எனக்கு அதுதான்."

இரண்டு பேரும் முற்றத்தில் இருந்து அரிசி பொறுக்கினோம். வேறு என்ன செய்ய. ராணியக்கா மஞ்சள் தண்ணீரை வாழையடியில் கொண்டுபோய் ஊற்றினார்.

விடிய அவ எழும்ப முந்தி. ஐந்தரை மணிக்குக் காரடியில். பொக்கற்றில் பத்தாம் நம்பர். கையோடு கழன்ற மூன்றாவது போல்ட்.

அதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

மாசி 28, சனி

4.40. இன்னும் வெளிக்கவில்லை. பனி. கார் ஸ்ராட்டில் நிற்கிறது, நாலும் ஓடுகிறது. குகன் சாம்பல் முட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன் சீற்றில். நான் ஓட்டுகிறேன்.

இவருடைய உடுப்பு ஏதும் கீரிமலைக்குக் கொண்டுபோவதா என்று ராணியக்கா கேட்டார். அலுமாரிக்கு மேலே இருந்து ஆஸ்பத்திரிப் பையை இறக்கினேன். முதல் தரம் சாரத்தை விரித்தேன்.

கீழ் ஓரத்தில் மஞ்சள். ஐந்தாறு இடத்தில், கசக்கிக் கசக்கித் துடைத்த மஞ்சள். நடுவில் கறுப்பாக இரண்டு விரல்.

அந்தக் கொயிலைக் கழற்றியும் இருக்கிறார். துடைத்தும் இருக்கிறார். திரும்ப வைத்து, போல்டைக் கையால் முடுக்கி, ஸ்பானரை எடுக்கப் போகும்போதுதான் நெஞ்சுநோ வந்திருக்கிறது. என்னைக் கூப்பிட முதல் மேல் மூடியைப் போட்டு, பொனெற்றைச் சாத்தி, ஸ்பானரைப் பொக்கற்றுக்குள் ஒளித்திருக்கிறார்.

அழுதேன். இவ்வளவு நாளும் எங்கே இருந்ததோ. ராணியக்கா கதவைச் சாத்திவிட்டு வெளியே போனார்.

குகன் ஹோர்ன் அடிக்கிறான். சாரத்தை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். கொண்டுபோகவில்லை. தோய்க்கவும் மாட்டேன்.