அம்மன் சிலையின் பின்பக்கம்

அக்கா,

இன்று காலை காரைக்குடியில் ஒரு மண்டபத்தின் மணப்பெண் அறைக்குள் நுழைந்ததும், மல்லிகையும் ஹேர் ஸ்ப்ரேயும் கலந்த அந்த வாசனை. நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. வாசனை மாறவில்லை.

நீங்கள் மணப்பெண்ணுக்குத் தலை அலங்காரம் செய்வீர்கள். நான் படம் எடுப்பேன். ஒரே பஸ்ஸில் போய், ஒரே பந்தியில் சாப்பிட்டு, பல வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம். ஆனாலும் அந்தத் தஞ்சாவூர்ப் பயணம் வரை உங்கள் வேலையை நான் சரியாகப் பார்த்ததில்லை.

அங்கே போய் இறங்கிய பிறகுதான், மாப்பிள்ளை வீட்டில் ஒரு சாவு, கல்யாணம் தள்ளிப்போய்விட்டது என்றார்கள். உடனே பஸ் ஏற மனமில்லை. வெயிலுக்கு ஒதுங்கத்தான் அருங்காட்சியகத்துக்குள் போனோம்.

செப்புச் சிலைகளின் முகத்தில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்த்தபடி நான் வரிசையாக நகர்ந்தேன். திரும்பினால் பக்கத்தில் நீங்கள் இல்லை. ஓர் அம்மன் சிலைக்குப் பின்னால், கண்ணாடியில் மூக்கு இடிக்கும்படி நின்றிருந்தீர்கள்.

"அங்குட்டு நின்னு என்னக்கா பாக்குறீக?"

"இங்குட்டு வாடி. முடியப் பாரு."

பிடரியில் சுருள் சுருளாக முடி இறங்கியது. ஒவ்வொரு சுருளும் தனித்தனி. கழுத்தணியின் கயிறு முதுகில் தொங்குவதைக்கூட விடாமல் வார்த்திருந்தார்கள்.

"சாமிக்குப் பட்டும் பூவும் சாத்துனா இதெல்லாம் மறைஞ்சுல்ல போகும். அப்படியும் செஞ்சிருக்காக பாரு," என்றீர்கள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "நானும் ரெண்டு மணி நேரம் நின்னு பின்னுறேன். ஒரு தடவையாச்சும் நீ பின்னாடி வந்து எடுத்திருக்கியா?"

அந்தக் குரலில் கோபம் இல்லை. திரும்பும் பஸ்ஸில் கேமராவில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். எல்லாம் மணப்பெண்களின் முகம். உங்கள் வேலை எதிலும் இல்லை.

அடுத்த கல்யாணத்தில் மணப்பெண்ணுக்குப் பின்னால், உங்கள் தோளருகே ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி நின்றேன். "இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சாக்கும்?" என்று சிரித்தீர்கள். சுற்றி நின்ற பெண்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

நீங்கள் மாரடைப்பில் போனபோது, மாலை போட ஒரு படம் வேண்டுமென்று உங்கள் மகள் வந்தாள். என்னிடம் இருந்த படங்களில் எல்லாம் நீங்கள் குனிந்திருந்தீர்கள். வாயில் ஹேர்பின், கண் பின்னலில். முகம் நேராகத் தெரிகிற படம் ஒன்றுகூட இல்லை. எனக்குக் கூச்சமாக இருந்தது. அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்துக்கொண்டாள். "இதுதான் எங்கம்மா," என்றாள். அதுதான் இப்போது உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

இன்று தலை பின்னியவர் சிவகங்கையிலிருந்து வந்திருந்தார். பெயரைக் கேட்டுக்கொண்டு அவருக்குப் பின்னால் போய் நின்றேன்.

"அக்கா, நான் இங்குட்டுல்ல பாத்துக்கிட்டு இருக்கேன்," என்றாள் மணப்பெண்.

"முகத்துக்கு நேரம் இருக்கு. நீ அசையாம இரு," என்று சொல்லி முதல் படத்தை எடுத்தேன்.