ஒரு சுற்றுக்கு ஒன்பது மீட்டர்

ஜூலை 6, ஞாயிறு

காலை ஐந்தரை. காற்றே இல்லை, ஒரே புழுக்கம். பாகூர் பள்ளிக்கூட மைதானம். 1500 மீட்டர், தனியாக. வாட்ச் பிடித்தது வழக்கம்போல வீட்டுக்காரர் ஏழுமலை.

4:41.

மே மாதம் இந்த நோட்டின் முதல் பக்கத்தில் நானே எழுதிய சட்டம்: ஜூலை பாதிக்குள் 4:35 வரவில்லை என்றால் ஓட்டத்தை விட்டுவிடுவது. அழக் கூடாது. மகள் யாழினி பிறந்து இரண்டரை வருஷம். அதில் முக்கால்வாசி நாள் ஓடவே இல்லை.

மூன்று வருஷம் புதுச்சேரி சாம்பியன். வெளி மாநிலத்தில் ஒரு வெண்கலம். அந்த உடம்பு எங்கே போய்த் தொலைந்தது?

ஒன்று மட்டும் புரியவில்லை. மூச்சு நன்றாக இருந்தது, கால் கனக்கவில்லை. 4:41 ஓடின மாதிரியே இல்லை. வாட்சை வாங்கி இரண்டு தரம் பார்த்தேன்.

"வாட்ச் கரீட்டாதான் கீது. இன்னா, என்னையே சந்தேகப்படறியா?" ஏழுமலைக்கு மூஞ்சி சுருங்கிப்போனது. பாவம், நைட் ஷிஃப்ட் முடித்து திருவாண்டார்கோயில் கம்பெனியில் இருந்து நேராக மைதானத்துக்கு வந்த மனுஷன்.

வாங்க வேண்டியது: பால், பாப்பாவுக்கு இருமல் மருந்து, பிளாஸ்டர்.

ஜூலை 7, திங்கள்

ஆபீஸில் ஒரு ஃபாரம். இரண்டு கட்டம். விளையாட்டுப் பிரிவில் தொடர்கிறேன் / தொடரவில்லை. "வெள்ளிக்கெழம மத்தியானத்துக்குள்ள டிக் பண்ணிக் குடுத்துடும்மா" என்றார் சூப்பிரண்டு மேடம். ஓடித்தான் இந்த வேலை கிடைத்தது. தொடர்ந்தால் மூன்று மணிக்குப் பயிற்சிக்குக் கிளம்பலாம். இல்லையென்றால் சாயந்தரம் வரை ரெக்கார்டு ரூம், தூசி, தும்மல்.

கேன்டீனில் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்: "அந்தப் பொண்ணு இன்னுமா ஓடுது? கொழந்த பொறந்துடுச்சே!" கோபத்தில் இரண்டு வடை தின்றேன்.

வீட்டில் மாமியார்: "புள்ள பெத்தா இடுப்பு விரிஞ்சிடும் வாணி. பழைய நடையே வராது. நான் பாக்கலயா?" அவர் நல்லதுக்குத்தான் சொல்கிறார். ஆனால் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

ஓடும்போது வலது காலடியை எண்ணுவது என் பழக்கம். நேற்று ஒரு சுற்றுக்கு 114. முன்பு எவ்வளவு? ஞாபகம் இல்லை. பழைய நோட்டுகளைப் பார்க்கணும்.

ஜூலை 8, செவ்வாய்

மாலையில் நாலு தூறல். பீரோ மேலிருந்து பழைய நோட்டுகளை இறக்கினேன். கரப்பான் இரண்டு.

எண்ணுகிற பழக்கம் வந்த கதை முதல் நோட்டிலேயே இருக்கிறது. பதினாறு வயசு, முதல் பெரிய மீட். 1100 மீட்டரிலேயே முடிந்தது என்று நினைத்துக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டேன். "இன்னும் ஒரு ரவுண்டு கீதுடி, ஓடு!" என்று மொத்த கேலரியும் கத்தியது. கடைசி ஆளாக வந்தேன். வீட்டுக்கு வரும்வரை பஸ்ஸில் துப்பட்டாவால் மூஞ்சியை மூடிக்கொண்டேன். அன்றிலிருந்து எண்ணுகிறேன்.

இந்த வேகத்தில் ஓடின நாளெல்லாம் பழைய நோட்டில் 111. அப்படியென்றால் மூன்று காலடி கூட. நான் எட்டு வைக்கிற தூரம் குறுகிவிட்டது.

மாமியார் சொன்னது சரிதானா? பயமாக இருக்கிறது. மூச்சைப் பயிற்சியில் கொண்டுவரலாம். எலும்பை என்ன செய்வது?

ஜூலை 9, புதன்

பயந்து உட்கார்ந்திருப்பதற்குப் பதில் அளந்தே பார்த்துவிடலாம்.

மாலை, ஏரிக்கரை ரோடு. இருநூறு மீட்டருக்கு ஒரு கல் நட்டிருக்கிறார்கள். கல்லிலிருந்து கல்லுக்கு அதே வேகத்தில் நாலு தரம். என் எட்டு குறுகியிருந்தால் 57 வரணும். வந்தது 55, 56, 56, 55. பழைய கணக்கு அப்படியே!

வரப்பில் களை எடுத்துவிட்டுக் கிளம்பின அக்காக்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "இன்னா பாப்பா, இந்தக் கல்லாண்ட ஓடற, அந்தக் கல்லாண்ட ஓடற. எதனா தொலஞ்சிப்போச்சா?"

"மூணு காலடி தொலஞ்சிப்போச்சிக்கா."

"நல்லாத் தேடு, எங்கனா வாய்க்கால்ல உழுந்திருக்கும்!" ஒரே சிரிப்பு.

என் எட்டு ரோட்டில் சரி, மைதானத்தில் மட்டும் குறைகிறதா? அதெப்படி?

ராத்திரி சாப்பாட்டில் உப்பு போட மறந்துவிட்டேன். ஏழுமலை ஊறுகாய் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

ஜூலை 10, வியாழன்

சுற்று எண்ண சைக்கிள் சக்கரத்தில் யாழினியின் சிவப்பு ரிப்பன். சக்கரம் ஒரு தரம் சுற்றினால் 2 மீட்டர் 8 சென்டி. மைதானத்துச் சுண்ணாம்புக் கோட்டை ஒட்டியே உருட்டிக்கொண்டு போனேன். 196 சுற்றும் முக்காலும். இரண்டாம் தரமும் அதேதான்.

409 மீட்டர். நானூறு இல்லை!

பி.டி. சார் மாற்றலாகி காரைக்கால் போனபோது இரும்பு டேப்பும் அவரோடு போய்விட்டது. மே மாதத் திருவிழாவுக்கு மைதானத்தில் போட்ட கடைகள் எல்லாம் காலியானதும் சுண்ணாம்புக் கோட்டை நாங்களே புதிதாகப் போட்டோம். நேர்க்கோடுகளை வீட்டு டேப்பால் ஐந்தைந்து மீட்டராக அளந்தோம். வளைவுக்கு மட்டும் நல்லவாட்டில் மீன்பிடிக்கிற மச்சினன் கொடுத்த புது நைலான் கயிறு. தரையில் போட்டு அளந்து, முப்பத்தாறரை மீட்டரில் முடிச்சு. நடுவில் முளைக்குச்சி. மறுமுனையைப் பிடித்துச் சுற்றி வந்தவர் ஏழுமலை.

மாலையில் சர்வேயர் அண்ணனிடம் டேப் வாங்கி வந்து சோதனை. நான் கயிற்றை இழுத்துப் பிடித்தேன்: 36 மீட்டர் 80. அவர் பிடித்தார், அப்படியே பின்னால் சாய்ந்து, படகில் வலை இழுக்கிற மாதிரி: 38. வளைவு ஒன்றரை மீட்டர் வெளியே போனால் சுற்றுக்கு ஒன்பது மீட்டர் கூட.

"இப்டியா இழுத்தீங்க அன்னிக்கி?"

"கயிறுன்னா இழுத்துதானே புடிக்கணும்? இல்லாங்காட்டி இன்னாத்துக்குக் கயிறு?"

டேப்பைக் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்தார். "அப்போ ரெண்டு மாசமா உன்னத் தோக்கடிச்சது நானா?"

சிரிப்பு அடங்கவில்லை எனக்கு. முளைக்குச்சி பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது, அது சிரிப்பு மட்டும் இல்லை. என் இடுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. என் புருஷன் கைக்குப் பலம் அதிகம், அவ்வளவுதான்.

கணக்கு: ஞாயிறு ஓடியது 1500 இல்லை, 1533. அதை 1500-க்குக் குறைத்தால் 4:34.9.

ஆனால் சட்டம் வாட்சுக்கு. நோட்டுக் கணக்கு செல்லாது.

ஜூலை 11, வெள்ளி

காலையில் டேப் வைத்துப் புதுக்கோடு. பழைய கோட்டுக்கு ஒன்றரை மீட்டர் உள்ளே. ஏழுமலை டேப்பைக் குழந்தையைப் பிடிப்பது மாதிரிப் பிடித்தார்.

மத்தியானம் மேடம் மேஜை. பேனா கையில். ஞாயிறு ஓடிப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஃபாரத்தைப் பார்த்துக்கொண்டே, மழையில் நனைந்தால் நைலான் இன்னும் எவ்வளவு நீளும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நாலு நாளாக இந்தக் கணக்குதான். பயப்பட நேரமே இருக்கவில்லை.

'தொடர்கிறேன்.' டிக்.

"யோசிச்சியாம்மா?"

"யோசிச்சிக்கினே கீறேன் மேடம்."

ஜூலை 13, ஞாயிறு

நேற்று இரவு மழை. தரை மெத்தென்று. யாழினியும் வந்திருக்கிறாள், காலில் ஒரு செருப்புதான்.

முடித்ததும் ஏழுமலை வாட்சை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். பிடுங்கினேன்.

4:36.2.

1.2 செகண்ட் அதிகம். ஃபாரத்தை வேறு கொடுத்தாகிவிட்டது. கோட்டிலேயே குந்திவிட்டேன். "வுடு வாணி, நல்லாதான் ஓடன" என்றார். எண்ணிக்கை மனசில் ஓடியது: முதல் முழுச் சுற்று 111. கடைசிச் சுற்று 110. நடுச்சுற்று 113.

ஏன் 113?

எழுந்து வளைவுக்கு நடந்தேன். ஈரத்தில் என் ஸ்பைக் தடம் அச்சடித்த மாதிரி இருந்தது. புதுக்கோட்டை ஒட்டி இரண்டு வரிசை. இன்னொரு வரிசை, அந்த 113, மெல்ல வெளியே விலகிப் போகிறது, ஒன்றரை மீட்டர், மழையில் மங்கின பழைய கோட்டின் மேலேயே. அடுத்த வளைவிலும் அப்படியே. களைத்த நேரத்தில் கால் தனக்குப் பழகின வழியில் போயிருக்கிறது. அந்தச் சுற்றில் மட்டும் ஒன்பது மீட்டர் கூட.

"இன்னாங்க, இங்க வாங்க!"

பார்த்தார். "அடிப்பாவி!" என்றார்.

பழைய கோட்டை மூன்று பேரும் காலால் தேய்க்கிறோம், யாழினி ஒற்றைச் செருப்போடு. போக மாட்டேன் என்கிறது. ஏழுமலை துடைப்பம் எடுத்துவரப் போயிருக்கிறார். அதுவரைக்கும் இதை எழுதுகிறேன். மூச்சு சரியாகிவிட்டது, கால் கனக்கவில்லை, இன்னொரு தரம்